ரப்பருக்குப் பெயர் வந்த விதமும் எனக்கு ஆன செலவும்

1927ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. குடை பிடித்தால் கை வலிக்கிறது, பிடிக்காவிட்டால் சட்டை நனைகிறது என்னும்படியான தூறல். மலாயாவில், ஈப்போவுக்கு வடக்கே பன்னிரண்டாம் கட்டையில், அதாவது பன்னிரண்டாம் மைலில், இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில் நின்று நான் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெரட்டு என்பது விடிவதற்கு முன் ஆள்களை வரிசையாக நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது. மழையில் மரம் சீவினால் பால் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். ஆகவே அன்றும் வெட்டு இல்லை.

ஆள்கள் கலையவில்லை. பால் ஸ்டோரில் உருளை மிசின் சுற்றும் அஞ்சலை வரிசையை விட்டு முன்னால் வந்தாள். தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை லாந்தர் வெளிச்சத்தில் நின்றிருந்தார்.

"தொரைங்களே, அடுத்த செவ்வாக்கெழம தைப்பூசம். ஒரு நாளு லீவு குடுங்க. ஈப்போ கோயில்ல பால்குடம் எடுக்கறதா வேண்டுதல். எம்புள்ள காய்ச்சல்ல கெடந்து இப்பத்தான் எழுந்து நடக்குது."

"அஞ்சல, நீ மேல பாரு" என்றார் துரை. "இந்த மாசம் மழ எத்தினி லீவு குடுத்திச்சி? போதும்லா."

"மழ குடுக்கற லீவுல கோயிலுக்குப் போவ முடியுங்களா? மழயில்ல பேயிது!"

களமே சிரித்தது. துரையின் உதடும் ஒரு பக்கம் அசைந்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான்: "பூசத்தன்னிக்கி மழ பேஞ்சா லீவு. வெயில் அடிச்சா வெட்டு. பேச்சு முடிஞ்சிச்சி."

இந்தக் காலையைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. அந்தத் தோட்டத்தில் ரப்பரைத் தள்ளிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைக்கிறார்கள். அங்கே கிராணிகளாக, அதாவது கணக்கு எழுதுபவர்களாக, வேலை செய்யும் இளைஞர் இருவர் ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் என் வீட்டுக்கு வந்து, கடைசி ரப்பர் மரம் விழுவதற்குள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அதில் ஒருவர் போகும்போது, "ஐயா, ரப்பர் மரத்துல செஞ்சதாலதானே அழிக்கறதுக்கும் ரப்பர்னு பேரு?" என்று கேட்டார். நாற்பது வருடத்துக்கு முன் துரை கேட்ட அதே கேள்வி. வாசலில் நின்றபடி பதில் சொல்லக்கூடிய விஷயம் அல்ல அது. அவர் சைக்கிளை வேறு என் ரோஜாச் செடியின்மீது சாய்த்திருந்தார்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈப்போவில் ஆங்கிலப் பள்ளிக்கூடம், பிறகு ஒரு வருடம் துணிக்கடையில் பில் எழுதும் வேலை, இருபத்திரண்டாம் வயதில் தோட்டத்தில் சின்னக் கிராணி. என்னிடம் இருந்த ஒரே சொத்து ஓர் ஆங்கில அகராதி. தாயகம் திரும்பிய ஓர் ஆசிரியரின் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. சொல்லுக்குப் பொருள் மட்டுமல்ல, அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லும். தலையணை உயரம். சில நாள் தலையணையாகவும் இருந்தது. தலைமுடியும் ஒரு சொத்து என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். நடுவகிடு எடுத்து எண்ணெய் வைத்துப் படிய வாரியிருப்பேன். அதற்கு அப்போது தோட்டத்தில் பெயர் உண்டு.

எனக்கு மேலே பெரிய கிராணி அம்பலவாணர், யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்கு மேலே துரை. நடுவில் யாரும் இல்லை; அம்பலவாணர் விடவும் மாட்டார்.

துரை ஸ்காட்லாந்துக்காரர். பதினான்கு வருடமாக ரப்பர் தோட்டத்திலேயே இருந்தவர். தமிழை வெட்டுக்காட்டில் கற்றவர். ஆகவே எல்லாரையும் 'நீ' என்பார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் அம்மனையும் 'நீ' என்றுதான் வேண்டிக்கொண்டார். என்னோடு ஆங்கிலம் பேசமாட்டார். தமிழ் பழகச் சம்பளமில்லாமல் கிடைத்த ஆள் நான்தான்.

அவருடைய முறைகளைச் சொல்லவேண்டும். பேனாவைத் தொடமாட்டார். எல்லாம் பென்சில். மதிப்பீடு, வரைபடம், கம்பெனிக்குப் போகும் கடிதத்தின் நகல் எல்லாமே பென்சிலில் எழுதி, அழித்து, திருத்தி, பிறகு எங்களிடம் மை போடத் தருவார். மேசையின் வலப்பக்கம் பென்சில்கள் கூர்மையின் வரிசையில் கிடக்கும். அவற்றின் தலைமாட்டில் ஒரு கைக்குட்டையில் சுற்றிய அழிக்கும் ரப்பர். சீமையிலிருந்து விடுப்பு முடிந்து வரும்போது கொண்டுவந்தது. அழித்தபின் தூளை ஊதமாட்டார். புறங்கையால் இடமிருந்து வலமாக ஒரே தள்ளு.

அப்போது சீமைப் பத்திரிகைகளில் குறுக்கெழுத்துப் புதிர் புதிதாக வந்திருந்தது. கப்பலில் வரும் பத்திரிகைக் கட்டு மாதம் கடந்துதான் எங்களை வந்தடையும். மற்ற துரைமார்கள் கட்டைப் பிரித்துக் கடைசிப் பத்திரிகையை முதலில் படிப்பார்கள். எங்கள் துரை ஒரு நாளைக்கு ஒன்றுதான் எடுப்பார், தேதி வரிசையில். இன்றைய புதிருக்கு விடை நாளைய பத்திரிகையில் இருக்கும். அது கையெட்டும் தூரத்தில்தான் கிடக்கும். தொடமாட்டார். காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் காப்பியோடு உட்கார்ந்து புதிரை முடித்தால் அன்று தோட்டம் முழுக்க நல்ல நாள். முடிக்காவிட்டால், ஆள்களை மேய்க்கும் கங்காணிகள் வேறு பாதையில் போவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கைக்குட்டை இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

"கிராணி" என்று கூப்பிட்டார். "நாய் என் ரப்பர் தின்னிடிச்சி."

"பெரிய நஷ்டங்க தொரை."

"நஷ்டம் இல்ல. நாய் நல்லா இருக்கு. ரப்பர்தான் இல்ல."

நாய் மேசைக்கடியில் படுத்து நிம்மதியாக வால் ஆட்டியது. புதிரில் மூன்று எழுத்துகளைத் தவறாக எழுதிவிட்டு, துரை வாசலைப் பார்த்து, குசினிக்காரரிடம் ரொட்டித் துண்டு ஒன்று கொண்டுவரச் சொன்னார். ரொட்டியின் உள் மாவை உருட்டி எழுத்தின்மேல் தேய்த்தார். எழுத்து மங்கியது, போகவில்லை. எறும்பு வந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் அகராதியில் 'ஆர்' எழுத்தைப் படித்திருந்தேன்.

"தொரை, ஒங்க ஊர்ல ரப்பர் வர்றதுக்கு முன்னாடி ரொட்டி வச்சித்தான் அழிச்சாங்களாம். அப்புறந்தான் இந்தப் பிசினு வந்திச்சி. ரப்னா தேய்க்கறது. பென்சில தேய்ச்சி அழிச்சதால பிசினுக்கே ரப்பர்னு பேரு வச்சிட்டாங்க. அந்தப் பேருதான் மரத்துக்கும் வந்திச்சி."

துரை பென்சிலைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"அகராதி."

"அகராதி மரம் பாத்திருக்கா?"

"இல்லீங்க."

"நான் பாத்திருக்கேன். பதினாலு வருசம். மரம் முன்னாடி, பேரு முன்னாடி. அழிக்கற ரப்பர் அப்புறம். நீ கேளு. அது சீமையில பாக்டரில செய்யறது. கந்தகம் போடணும், மருந்து போடணும், வேக வைக்கணும். பச்சப் பால்ல அழிக்க முடியாது. அழிக்க முடியாத சாமானுக்கு அழிக்கறவன்னு யாரு பேரு வப்பான்?"

துரை சொன்னதில் ஞாயம் இருந்தது. பாக்டரியே இல்லாத காலத்தில் அந்தப் பெயர் வந்திருந்தால், பச்சைப் பிசினே அழித்திருக்க வேண்டும். அழிக்காது என்றால் அகராதி பொய். ஆனால் அத்தனை கனமான புத்தகம் பொய் சொல்லும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

"அழிக்கும் தொரை" என்றேன். "நம்ம மரத்துப் பாலே அழிக்கும்."

"பந்தயமா?"

"பந்தயம்."

அடுத்த மேசையில் அம்பலவாணரின் பேனா நின்றது.

"நீ தோத்தா அந்த அகராதி எனக்கு" என்றார் துரை. "பூசத்தன்னிக்கி பெரட்டுல நீயே சனங்க முன்னாடி நின்னு, லீவு இல்ல, வெட்டுக்குப் போன்னு சொல்லணும். நீ ஜெயிச்சா என்னா வேணும்?"

எனக்கு என்ன வேண்டும் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. காலையில் அஞ்சலை வானத்தைக் காட்டிப் பேசியது ஞாபகம் வந்தது.

"பூசத்துக்கு லீவு. மழையோ வெயிலோ. எல்லாருக்கும்."

"சரி" என்றார் துரை. அந்த வாரம் முழுவதிலும் அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

துரை வெளியே போனதும் அம்பலவாணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

"தம்பி, உமக்கென்ன விசரோ? துரையோட பந்தயமோ? உத்தியோகத்துக்கு வந்தனீரோ, குதிரைப் பந்தயத்துக்கு வந்தனீரோ?"

"ஐயா, அகராதியில போட்டிருக்கு."

"அகராதி உமக்குச் சம்பளம் தருமோ?"

மத்தியானமே முதல் சோதனை. இங்கேதான் தோட்டத்துக் கிராணி மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தேன். முதல் தரம்தான் எதற்கும் உயர்ந்தது என்று எங்களுக்கு மனத்தில் ஊறிப்போயிருந்தது. புகை போட்ட ஷீட், வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறம், ஒரு குமிழி கிடையாது. அதுதான் கப்பலேறும் சரக்கு. ஸ்டோருக்கு ஓடி அதில் நல்லதாக ஒரு மூலையை வெட்டி வாங்கிவந்து துரையிடம் பணிவாக நீட்டினேன். அவர் புதிரின்மேல் வைத்துத் தேய்த்தார்.

எழுத்து அப்படியே இருந்தது. அதைச் சுற்றிப் பலகாரக் கடைக் காகிதம்போல் பழுப்புக் கறை பரவியது. இன்னொரு தேய்ப்பில் காகிதத்தின் தோல் உரிந்துகொண்டு வந்தது. துரை சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து குரைத்தது.

"அகராதி குடு, கிராணி!"

"தொரை, திங்கக்கெழம வரைக்கும் டைம் குடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் யோசித்தார். இவ்வளவு நல்ல விளையாட்டு ஒரே நாளில் முடிவதில் அவருக்கும் விருப்பமில்லை. "திங்கக்கெழம நாலு மணி. அப்புறம் கெடயாது."

அன்று மாலை ஒட்டுப்பாலை எடுத்துப் பார்த்தேன். மரத்தில் தானே காய்ந்து நூலாக ஒட்டியிருப்பது. அதில் இருந்த பட்டைத் துணுக்கு காகிதத்தைப் பூனைபோல் கீறியது. உட்கார்ந்து யோசித்தேன். கீறுவது பட்டை, கறை போடுவது புகை. அகராதி சொன்ன காலத்தில் இந்தப் பிசினை யாரும் எங்களைப்போல் புகைக்கூடத்தில் நாள்கணக்கில் தொங்கவிட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் வேண்டியது பட்டையும் இல்லாத புகையும் இல்லாத வெறும் பால். அது எங்கள் தோட்டத்தில் கிடையவே கிடையாது. புகை போடாத ஷீட் பூசணம் பிடிக்கும் என்பதால் அப்படி ஒன்றை வெளியே விடுவதே பெரிய குற்றம்.

ஸ்டோர் கங்காணி மாரிமுத்துவிடம் போனேன். அவர் புகைக்கூடத்துக் கதவின் சாவியை இடுப்பில் அல்ல, கழுத்தில் போட்டிருப்பார்.

"பொகை குடிக்காத ஷீட்டா?" என்றார். "கிராணியாரே, அது சாதம் ஊட்டாத புள்ள மாரி. என் ஸ்டோருலேருந்து அப்பிடி ஒண்ணு வெளிய போனா, சுத்துப்பட்டு தோட்டத்துல எவன் என்னைய மதிப்பான்?"

"பூசத்துக்கு லீவு கெடைக்கும் கங்காணி."

"மானம் கெட்டா கெடைக்கிற லீவு எதுக்கு?"

மிசினுக்குப் பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "அண்ணே, போன வருசம் பூசத்துல காவடி எடுத்து ஆடுனது யாரு? அந்த முருகன் கேட்டா, 'பொகை போடாத ஷீட்டக் குடுக்க மனசு வரல, அதனால லீவு இல்ல சாமி'ன்னு சொல்லுவீங்களா?"

மாரிமுத்து அவளை முறைத்தார். பிறகு மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். "நான் வெளிய போயி வெத்தல போடப் போறேன். வெத்தல போட்டு முடியறதுக்குள்ள இங்க என்னா நடந்தாலும் எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

சம்மதம் கிடைத்தது. பால்தான் கிடைக்கவில்லை. புதன்கிழமை மழை. வியாழக்கிழமை மழை. எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள்கள் என்னைப் பார்க்கும் பார்வையே மாறியிருந்தது. செய்தி எப்படிப் பரவியதோ, ஸ்டோருக்கு வெளியே நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்பலவாணர் சொல்லியிருக்க மாட்டார். நாயும் சொல்லியிருக்க முடியாது.

"கிராணியாரே, சாமி புண்ணியம், நல்லா தேயிங்க!" என்று வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை தை முதல் தேதி. வானம் வெளுத்தது. வெட்டு நடந்தது. பதினொரு மணிக்குப் பால் ஸ்டோருக்கு வந்ததும் மாரிமுத்து வாக்குத் தவறாமல் வெளியே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்தார். அஞ்சலை பாலை இரண்டு முறை வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஆழமில்லாத தட்டில் ஊற்றி, ஆசிட் சொட்டுவிட்டாள். பால் உறைந்து வெள்ளை வெளேரென்று தயிர்க் கட்டியாயிற்று. அதை உருளைக்குள் விட்டுச் சுற்றினாள். மேலே தண்ணீர் ஊற்ற ஊற்றப் பால்வாடையும் ஆசிடும் கழுவிக்கொண்டு போயின. நாங்கள் வழக்கமாக நிறுத்தும் கனத்தில் நிறுத்தாமல் மேலும் மேலும் இறுக்கி, இளம் வெற்றிலை அளவுக்கு மெலிதாக்கினோம். தடிமனாக இருந்தால் திங்கட்கிழமைக்குள் உள்ளே காயாது.

"காயலேன்னா என்னா செய்வீங்க கிராணியாரே?" என்றாள் அஞ்சலை, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே.

"காயும்."

"வேண்டிக்கிங்க. பால்குடம் எடுக்கறேன்னு சொல்லுங்க."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல அஞ்சல."

"நாங்க எல்லாம் வெறுங்கால்ல நடக்கணும், நீங்க ஷூஸ் போட்டுக்கிட்டு வேடிக்க பாப்பீங்களா?"

"சரி, எடுக்கறேன்."

"மொட்டையும்."

"மொட்டை எதுக்கு?"

"அது கூடச் சேந்ததுதாங்க."

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தார்கள். "ஐயோ, அந்த முடி குடிச்ச எண்ணெயில ஒரு லயத்து வீடு அத்தனைக்கும் கொழம்பு வெக்கலாமே!" என்றாள் ஒருத்தி. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் சரி என்று சொல்லியிருந்தேன். வெளியே மாரிமுத்துவின் முதுகும் குலுங்கியது. ஒன்றும் தெரியாதவர் எதற்குச் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை.

சுற்றி முடிந்ததும் அஞ்சலை ஷீட்டைத் தூக்கிப் பிடித்து அதன் வழியாக என்னைப் பார்த்தாள். "ஏங்க, ஒரு சந்தேகம். பென்சிலு அழிக்கறதனாலதான் பேரு வந்திச்சின்னா, இம்புட்டு காட்ட வெட்டி இம்புட்டு மரம் நட்டது பென்சிலு அழிக்கவா?"

மோட்டார் வண்டிச் சக்கரத்துக்காக நட்டது என்றும், பெயர் வைத்தபோது மோட்டார் வண்டியே இல்லை என்றும் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும்தான். நாம் கண்ணால் பார்த்ததை வைத்துப் பால்மரம் என்றோம். மலாய்க்காரர்கள் தொட்டுப் பார்த்து, பிசினுக்கு அவர்கள் சொல்லும் கெத்தா என்ற சொல்லையே வைத்தார்கள். மரம் முதலில் வளர்ந்த அமெரிக்கக் காட்டுச் சனங்கள் அழும் மரம் என்று பொருள்படப் பெயர் வைத்ததாகவும் சொல்வதுண்டு. மரத்தைப் பார்க்காமல், மேசைமேல் அதன் ஒரு துண்டு என்ன வேலை செய்தது என்று மட்டும் பார்த்துப் பெயர் வைத்தவன் ஆங்கிலேயன் ஒருவன்தான். அதற்காகத்தான் நான் என் முடியைப் பணயம் வைத்திருந்தேன்.

ஷீட்டை என் அறையில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். வெயிலில் போட்டால் பிசுபிசுத்துவிடும். நிழலில் போட்டால் ஈரக்காற்றில் பூசணம் வரும். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்றே இரண்டு நாள் போயிற்று. சனிக்கிழமை அம்பலவாணர் எட்டிப் பார்த்தார்.

"உதென்ன தம்பி கொடியில? அப்பளமோ?"

"லீவு ஐயா."

"ஹும்" என்று போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது, அவர் என் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பெனி சுற்றறிக்கையை விசிறியாக்கி அதற்கு வீசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தனக்கு வீசிக்கொண்டார்.

"சரியான புழுக்கம்" என்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஷீட்டின் வெள்ளை போய் வெளிர் மஞ்சள் வந்திருந்தது. உள்ளே ஈரம் இருந்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தேடினேன், கண்ணுக்கு அகப்படவில்லை. பச்சை ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும். அதனால் ஷீட்டை மடித்து மடித்து ஒரு சிறு கட்டியாக்கினேன். அம்பலவாணர் கேட்காமலேயே இரும்புப் பெட்டியை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார். கட்டியை அதன் அடியில் வைத்து மத்தியானம்வரை நசுக்கினோம். பிறகு கத்தியால் ஓரங்களை வெட்டிச் சதுரமாக்கினேன்.

நான்கு மணிக்கு நீட்டினேன். அலுவலக ஜன்னலுக்கு வெளியே அத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் என்ன வேலை இருந்தது என்று தெரியவில்லை. அஞ்சலை இடுப்பில் குழந்தையோடு நின்றாள். மாரிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரை அவசரப்படவில்லை. கட்டியை முகர்ந்து பார்த்தார். நாய்க்கு எட்டாமல் உயர்த்திப் பிடித்தார். வெள்ளைத் தாளில் மெல்லிய பென்சிலால் ஒரு கோடு, நடுத்தரத்தால் ஒன்று, மை போலக் கறுத்து எழுதும் தடித்த பென்சிலால் ஒன்று போட்டார். மெல்லிய கோட்டின்மேல் தேய்த்தார். போய்விட்டது. நடுக்கோடு போய்விட்டது. தடித்த கோடு முதலில் மங்கியது. அவர் கட்டியின் அழுக்கான மூலையைத் திருப்பி, சுத்தமான மூலையால் இன்னும் நாலு தேய்ப்புத் தேய்த்தார். போய்விட்டது. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தோல் உரியவில்லை. கறை இல்லை.

பிறகு ஒரு வாரமாகத் தப்புகளோடு கிடந்த புதிர்களை எடுத்து, தேதி வரிசையில் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். பழுப்புக் கறை பட்டதை மட்டும் தள்ளிவைத்தார். புறங்கை இடமிருந்து வலமாகத் தள்ளியது. தூள் உருண்டு உருண்டு விழுந்தது. கடைசிப் புதிர் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"அகராதி கொண்டா."

கொண்டுவந்தேன். பிடுங்கிக்கொள்ளவில்லை, படித்தார். விரலை வைத்து, உதட்டை அசைத்து. "ரப்பர். தேய்க்கறவன். குதிர தேய்க்கறவன். மொரட்டுத் துண்டு. சாணைக்கல்லு. இது எல்லாம் மரத்துக்கு முன்னாடி. அப்புறம்தான் பென்சில் அழிக்கற பிசின்..." நிறுத்தினார். அவர் கிளப்பில் வாரா வாரம் ஆடும் சீட்டாட்டத்தில் மூன்று ஆட்டம் சேர்ந்தால் அதற்கும் ரப்பர் என்றுதான் பெயர். அந்த வரியில் விரல் நின்றது. முகம் மறுபடி மலர்ந்தது. "சீட்டு ரப்பர் மட்டும் எங்கேருந்து வந்திச்சின்னு தெரியாதாம்! நீ பாரு கிராணி, ஒன் அகராதிக்கும் ஒண்ணு தெரியாது!"

"ஆமாங்க தொரை."

"சரி. ஒத்துக்கறேன். பதினாலு வருசம் அழிக்கறவன நட்டிருக்கேன், எனக்கே தெரியாது." ஜன்னல் பக்கம் திரும்பி, மலையடிவாரம்வரை கேட்கும் குரலில் சொன்னார்: "நாளைக்கி வெட்டு இல்ல! மழ பேஞ்சாலும் லீவு, வெயில் அடிச்சாலும் லீவு! லாரி எத்தினி நடை வேணுமோ அத்தினி நடை! அஞ்சல, நீ மொத நடையில ஏறு!"

ஜன்னலுக்கு வெளியே எழுந்த சத்தத்தில் நாய் மேசைக்கடியில் புகுந்துகொண்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு குரல் தனியாகக் கேட்டது. மாரிமுத்து. "என் ஸ்டோரு சரக்குடா! பொகை கூட வேணாம், அப்பிடியே அழிக்கும்! யாருன்னு நெனச்சீங்க!"

தைப்பூசத்தன்று ஈப்போவில் வெயில் மண்டையைப் பிளந்தது. துரை சொல்லியிருந்தபடி பார்த்தால் நல்ல வெட்டு நாள். மண்டையைப் பிளந்தது என்று நான் பேச்சுக்காகச் சொல்லவில்லை. அன்று காலைதான் மொட்டை அடித்திருந்தேன். மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை, தலைமேல் பால்குடம், காலுக்கடியில் பழுக்கக் காய்ந்த தார்ச்சாலை. எனக்கு முன்னால் அஞ்சலை தன் குடத்தோடு போனாள். அவள் கணவன் தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளை திரும்பித் திரும்பி என் தலையைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது. எனக்குப் பின்னால் அம்பலவாணர் தம் குடையை என் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மெல்ல நடவும் தம்பி, பால் சிந்துது" என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார். பால் சிந்தவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

அந்தக் கட்டி சில மாதத்தில் பிசுபிசுத்துப்போயிற்று. பிறகு துரை சீமைக்குத் திரும்பும்வரை, தீர்ந்தபோதெல்லாம் ஒன்று செய்து கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் மாரிமுத்து வெற்றிலை போட வெளியே போனார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் லீவு கிடைத்தது. யாரும் மறுபடி கேட்கவேண்டியிருக்கவில்லை.

அந்த முதல் தைப்பூசத்தன்று, தோட்டத்துக்குத் திரும்பும் லாரிக்குக் காத்திருந்தபோது, ஈப்போக் கடைத்தெருவில் ஒரு காகிதக் கடைக் கண்ணாடிக்குள் சீமை ரப்பர் அடுக்கியிருந்ததைப் பார்த்து உள்ளே போய் விலை கேட்டேன். ஒன்று ஐந்து காசு என்றார் கடைக்காரர். அங்கேயே நின்று, நூறு காசு ஒரு வெள்ளி என்ற கணக்கில் என் செலவை மனத்துக்குள் கூட்டினேன். பித்தளைக் குடம் ஒரு வெள்ளி எழுபத்தைந்து, பசும்பால் நாற்பது, மஞ்சள் வேட்டி ஒரு வெள்ளி இருபது, மொட்டைக்கு முப்பது, மாலைக்கு இருபது, ஸ்டோர் ஆள்களுக்குக் காப்பியும் வடையும் ஐம்பது. ஆக, நான்கு வெள்ளி முப்பத்தைந்து காசு.